பரிசோதனையை எழுதும் முறை: அவதானம் வேறு, முடிவு வேறு

(க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம், உயர்தர உயிரியல் மாணவர்களுக்கான விளக்கக் கட்டுரை)



ஒரே வினாவுக்கு இரு மாணவர்கள் எழுதிய விடைகளைக் கீழே தருகிறேன். முதலில் இவற்றை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

வினா: ஒளித்தொகுப்பிற்கு ஒளி அவசியம் எனக் காட்டும் பரிசோதனையில் பெறப்படும் அவதானம் யாது?

முதலாவது விடை: கறுப்புக் கடதாசியால் மூடிய பகுதியில் மாப்பொருள் இல்லை. மூடாத பகுதியில் மாப்பொருள் உண்டு.

இரண்டாவது விடை: அயடீன் கரைசல் இட்டபோது மூடியிருந்த பகுதியில் அயடீனின் மஞ்சட்கபில நிறமே காணப்பட்டது. மூடாத பகுதி கருநீல நிறமாக மாறியது.

இரண்டிலும் பிழையான தகவல் எதுவும் இல்லை. ஆயினும் வினாவுக்குரிய விடை இரண்டாவதுதான். ஏனெனில் அந்த இலையில் மாப்பொருளை எவரும் கண்ணாற் காணவில்லை. கண்டது நிறத்தை மட்டுமே. நிறத்தைக் கண்டு, அயடீன் மாப்பொருளுடன் கருநீலம் தரும் என்ற அறிவைத் துணைகொண்டு, மாப்பொருள் உண்டு என்று நாம் தீர்மானிக்கிறோம். முதலாவது மாணவர் தீர்மானத்தை அவதானத்தின் இடத்தில் எழுதிவிட்டார். பாடம் தெரிந்த பிள்ளை. எழுதத் தெரியாமையால் புள்ளியை இழக்கிறார்.

உயிரியலை உங்கள் விஞ்ஞான ஆசிரியர் கற்பிப்பார். நான் கலைப் பட்டதாரி. இக்கட்டுரை எழுத்தைப் பற்றியது. செய்த பரிசோதனையை, அதைப் பாராத ஒருவர் நம்பக்கூடியவாறு எப்படி எழுதுவது என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

1. பரிசோதனை அறிக்கை எதற்காக?

உங்கள் அறிக்கையை வாசிப்பவர் உங்களோடு ஆய்வுகூடத்தில் நிற்கவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், எதைக் கண்டீர்கள் என்பதெல்லாம் அவருக்கு உங்கள் எழுத்தினால் மட்டுமே தெரியவரும். அதை வாசித்துவிட்டு அவர் அதே பரிசோதனையைத் தாமும் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் முடிவை ஏற்பதா விடுவதா என்று தீர்மானிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடம் தரும் அறிக்கையே நல்ல அறிக்கை.

இதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். வான் ஹெல்மொன்ற் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் உலர்த்திய 200 றாத்தல் மண்ணை ஒரு பெரிய சாடியில் இட்டு, 5 றாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். 5 ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். பின்னர் மரத்தை நிறுத்தபோது ஏறத்தாழ 169 றாத்தல் 3 அவுன்சு இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. எனவே மரத்தின் நிறை முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். இப்பரிசோதனை அவர் இறந்த பின்னர், 1648இல் வெளிவந்த அவரது நூலில் உள்ளது.

அவரது முடிவு பிழை. தாவரம் வளியிலுள்ள காபனீரொட்சைட்டையும் பயன்படுத்தியே உணவைத் தொகுக்கிறது என்பது இன்று 9ஆந் தர மாணவருக்கும் தெரியும். ஆனால் அவர் எழுதிவைத்த எண்கள் பிழையாகவில்லை. மரத்தின் நிறை மண்ணிலிருந்து வரவில்லை என்பதற்கு அவ்வெண்கள் இன்றும் சான்றாகவே உள்ளன. அவர் "மரம் நன்றாக வளர்ந்தது, எனவே நீரே உணவு" என்று மட்டும் எழுதியிருந்தால் முடிவு வீழ்ந்தபோது பரிசோதனையும் அதனோடு வீழ்ந்திருக்கும். கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதியதனால் ஒன்று வீழ்ந்தும் மற்றது நின்றது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அறிக்கையின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2. அறிக்கையின் பகுதிகள்

(அ) நோக்கம்

நோக்கம் ஒரே வசனத்தில் அமைய வேண்டும். எதைச் சோதிக்கிறோம் என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பொருத்தமற்றது: ஒளித்தொகுப்பைப் பற்றி அறிதல்.
பொருத்தமானது: ஒளித்தொகுப்பிற்கு ஒளி அவசியமா எனச் சோதித்தல்.

முதலாவது வசனம் ஒரு பாடத் தலைப்பு. இரண்டாவதோ ஒரு வினா. வினா இருந்தால்தான் முடிவில் அதற்கு விடை எழுதலாம். நோக்கத்தையும் முடிவையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். வினாவும் விடையும்போல அவை பொருந்தினால் உங்கள் அறிக்கை சரியான பாதையிற் செல்கிறது.

(ஆ) கருதுகோளும் மாறிகளும்

கருதுகோள் என்பது பரிசோதனைக்கு முன் நாம் எதிர்பார்க்கும் விடை. "ஒளி கிடைக்காத இலைப்பகுதியில் மாப்பொருள் உண்டாகாது" என்பது கருதுகோள். பரிசோதனையால் இது பொய்யாகலாம். பொய்யாவதற்கு வாய்ப்பே இல்லாத ஒரு கூற்றைக் கருதுகோளாக எழுதிப் பயனில்லை.

மாறிகள் மூவகைப்படும். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாராமாறி. அதன் விளைவாக மாறுவது சார்மாறி. மாறாமல் வைத்திருக்க வேண்டியவை கட்டுப்படுத்தப்படும் மாறிகள். மேற்படி பரிசோதனையில் ஒளி கிடைத்தல் அல்லது கிடையாமை சாராமாறி. இலையில் மாப்பொருள் உண்டாதல் சார்மாறி. தாவரம், இலை, நீர், வெப்பநிலை, வைத்த காலம் ஆகியன கட்டுப்படுத்தப்படுபவை.

(இ) தேவையான பொருட்கள்

இதில் அதிகம் விளக்க எதுவுமில்லை. செய்முறையில் வரும் ஒவ்வொரு பொருளும் இங்கும் வர வேண்டும். இங்கு எழுதிய எதுவும் செய்முறையில் பயன்படாமல் இருக்கக் கூடாது. எழுதி முடித்தபின் இரண்டையும் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

(ஈ) செய்முறை

பாடநூலில் "இலையைக் கொதிநீரில் இடவும்" என்றிருக்கும். அது ஒருவருக்கு இடும் கட்டளை. நீங்கள் செய்து முடித்ததை எழுதும்போது கட்டளை பொருந்தாது. "இலை கொதிநீரில் 2 நிமிடங்கள் இடப்பட்டது" என இறந்தகாலத்தில், செயப்பாட்டு வினையில் எழுதுவதே அறிக்கைக்குரிய நடை. யார் செய்தார் என்பதைவிட என்ன செய்யப்பட்டது என்பதே இங்கு முக்கியம். எனவேதான் இவ்வழக்கம் நிலைத்தது. ஒருமை, பன்மையையும் கவனியுங்கள். இலை இடப்பட்டது, இலைகள் இடப்பட்டன. ஒரே அறிக்கையில் "இடவும்", "இட்டோம்", "இடப்பட்டது" என மூன்றையும் கலந்து எழுத வேண்டாம்.

நடையைவிட முக்கியமானது அளவு. பின்வரும் சொற்களை உங்கள் செய்முறையில் தேடிப் பாருங்கள்: சிறிதளவு, கொஞ்ச நேரம், நன்றாக, போதியளவு. இவற்றில் ஒன்று கண்ணிற் பட்டால் அந்த இடத்தில் ஓர் எண்ணும் ஓர் அலகும் வர முடியுமா என்று பாருங்கள். "சிறிது நேரம் இருளில் வைக்கப்பட்டது" என்பதை வாசிப்பவர் 2 மணித்தியாலம் வைப்பார். அவரது இலையில் மாப்பொருள் எஞ்சியிருக்கும். பரிசோதனை பிழைக்கும். "48 மணித்தியாலம் இருளில் வைக்கப்பட்டது" என்று எழுதினால் அந்தப் பிழை நேராது.

ஒவ்வொரு படியும் ஏன் செய்யப்படுகிறது என்பதையும் அறிந்திருங்கள். காரணம் கேட்கும் வினாக்கள் இங்கிருந்தே வருகின்றன.

- தாவரத்தை இருளில் வைப்பது: இலையில் முன்னரே உள்ள மாப்பொருளை அகற்றுவதற்கு.
- இலையைக் கொதிநீரில் இடுவது: கலங்களைக் கொன்று அவற்றில் நடைபெறும் தாக்கங்களை நிறுத்துவதற்கும், அயடீன் இலகுவாக உட்செல்வதற்கும்.
- மதுசாரத்தில் வேகவைப்பது: பச்சையத்தை அகற்றுவதற்கு. பச்சை நிறம் இருந்தால் அயடீன் தரும் நிறத்தைத் தெளிவாகக் காண முடியாது.
- மதுசாரத்தை நேரடியாகச் சுடரில் சூடாக்காமல் நீர்த்தொட்டியில் சூடாக்குவது: மதுசாரம் எளிதில் தீப்பற்றும் என்பதால்.
- மீண்டும் வெந்நீரில் கழுவுவது: மதுசாரத்தால் நொறுங்கும் தன்மை பெற்ற இலையை மென்மையாக்குவதற்கு.

எச்சரிக்கை: மதுசாரத்தைச் சூடாக்கும் இப்படியை வீட்டு அடுப்பில் ஒருபோதும் செய்து பார்க்க வேண்டாம். ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வுகூடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

(உ) அவதானம்

அவதானம் என்பது ஐம்புலன்களாலோ கருவியாலோ நேரடியாகப் பெற்றது. நிறம், எண்ணிக்கை, வெப்பமானி வாசிப்பு, நீளம், நிறை, மணம் ஆகியன அவதானங்கள். அவதானத்தில் நீங்கள் சாட்சி, முடிவில் நீதிபதி. சாட்சி கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும்.

எழுதும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, சரியான சொல். மாப்பொருட் சோதனையில் தோன்றுவது கருநீலம். வெறுமனே "நிறம் மாறியது" என்றால் எதிலிருந்து எதற்கு என்பது தெரியாது.

இரண்டாவது, இல்லை என்பதும் ஓர் அவதானமே. மூடிய பகுதியைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டுவிடும் மாணவர்கள் பலர். அங்கே அயடீனின் மஞ்சட்கபில நிறமே காணப்பட்டது என்பதை எழுதினால்தான் ஒப்பீடு நிறைவுபெறும்.

மூன்றாவது, காணாததை எழுத வேண்டாம். ஐதரில்லாவை நீரில் அமிழ்த்தி ஒளியில் வைக்கும்போது "ஒட்சிசன் குமிழிகள் வெளிவந்தன" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கண்டது வாயுக் குமிழிகளையே. அவ்வாயுவைச் சேகரித்து, தணற்குச்சியை உட்செலுத்தி, அது சுவாலையுடன் எரிவதைக் கண்ட பின்னரே ஒட்சிசன் என்ற சொல்லுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. அப்போதும் அது முடிவிலேயே வரும்.

(ஊ) முடிவு

முடிவு அவதானத்திலிருந்து வர வேண்டும். அவதானம் இடம்தரும் அளவுக்கு மேல் போகக் கூடாது. இலைப் பரிசோதனையின் முடிவு: ஒளித்தொகுப்பு நிகழ்ந்து மாப்பொருள் உண்டாவதற்கு ஒளி அவசியம். "தாவரம் வாழ ஒளி அவசியம்" என்று எழுதினால் அது உண்மையாயினும் இப்பரிசோதனை அதைக் காட்டவில்லை. "பச்சையம் அவசியம்" என்றும் இப்பரிசோதனை காட்டவில்லை. அதற்குப் பல்நிற இலையைக் கொண்டு செய்யும் வேறு பரிசோதனை உண்டு.

3. கட்டுப்பாட்டுப் பரிசோதனை

"இப்பரிசோதனையின் கட்டுப்பாடு யாது?" என்று வினவப்பட்டால் மாணவர் பலர் தடுமாறுகின்றனர். கட்டுப்பாடு என்பது சோதிக்கும் ஒரு காரணியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பரிசோதனையை ஒத்த அமைப்பாகும். இலைப் பரிசோதனையில் அதே இலையின் மூடாத பகுதியே கட்டுப்பாடு. ஒரே தாவரம், ஒரே இலை, ஒரே நேரம். ஒளி மட்டுமே வேறு.

ஒளி மட்டுமே வேறு என்று சொன்னோம். அது முற்றிலும் உண்மையா? சற்றுச் சிந்தியுங்கள். இலையின் இரு பக்கங்களையும் கடதாசியால் மூடும்போது ஒளியை மட்டுமன்றி வளி வந்துபோவதையும் ஓரளவு தடுக்கிறோம். அப்படியாயின் மூடிய பகுதியில் மாப்பொருள் உண்டாகாமைக்குக் காபனீரொட்சைட்டு போதாமையே காரணம் என்று ஒருவர் வாதிடலாம். அவருக்கு என்ன பதில்? அதே தாவரத்தின் இன்னொரு இலையை, அதே அளவான ஒளிபுகும் பொலித்தீன் துண்டினால் அதேபோல மூடி வைக்க வேண்டும். அப்பகுதி கருநீலமானால் மூடுவதால் மட்டும் மாப்பொருள் உண்டாவது தடைப்படவில்லை என்பது தெளிவாகும். "இப்பரிசோதனையை மேலும் நம்பகமாக்க ஒரு வழி தருக" என்ற வினாவுக்கு இது சிறந்த விடை. மனனம் செய்து வருவதன்று. கட்டுப்பாடு என்றால் என்னவென்று விளங்கியவர் தாமாகவே எழுதக்கூடியது.

4. எண்களை எழுதுதல்: அட்டவணையும் வரைபும்

ஒளிச்செறிவுக்கும் ஒளித்தொகுப்பு வீதத்திற்கும் உள்ள தொடர்பைக் காண ஐதரில்லாப் பரிசோதனை செய்யப்படுகிறது. சோடியமிருகாபனேற்று சேர்த்த நீரில் ஐதரில்லாக் கிளையை வைத்து, மின்குமிழை வெவ்வேறு தூரங்களில் வைத்து, ஒரு நிமிடத்தில் வெளிவரும் குமிழிகள் எண்ணப்படும். பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள் கீழே தரப்பட்டுள்ளன.

மின்குமிழின் தூரம் (சென்ரிமீற்றர்) – நிமிடத்திற்கான குமிழிகள் (மூன்று தடவைகள்) – சராசரி
10 – 42, 40, 44 – 42
20 – 30, 32, 31 – 31
30 – 19, 8, 20 – ?
40 – 11, 12, 13 – 12
50 – 7, 6, 8 – 7

அலகைத் தலைப்பில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் எழுத வேண்டியதில்லை. சாராமாறி முதல் நிரலிலும் சார்மாறி அடுத்த நிரல்களிலும் வர வேண்டும்.

இப்போது 30 சென்ரிமீற்றர் வரிசையைப் பாருங்கள். 19, 20 என்பவற்றிற்கிடையே 8 என்ற எண் பொருந்தாமல் நிற்கிறது. என்ன செய்யலாம்? சிலர் 8ஐ அழித்துவிட்டு 18 என்று எழுதுவர். இது ஏமாற்று. வேறு சிலர் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 15.7 என்பர். இது ஏமாற்றன்று, ஆனால் ஐயத்துக்குரிய ஒரு வாசிப்பு சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறது. செய்ய வேண்டியது இதுதான்: 8ஐ அட்டவணையில் அப்படியே வைத்துச் சுற்றி ஒரு வட்டமிடுங்கள். இயலுமானால் அத்தூரத்தில் மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள். மீண்டும் எண்ண வாய்ப்பில்லாவிடின் அதை நீக்கிச் சராசரி 19.5 எனக் கணித்து, "8 என்ற வாசிப்பு ஏனையவற்றிலிருந்து பெரிதும் விலகியிருந்தமையால் சராசரியிற் சேர்க்கப்படவில்லை" என்று கீழே எழுதுங்கள். நீக்கியதை மறைக்காமல் எழுதுவதே இங்கு முக்கியம்.

வரைபில் தூரம் கிடையச்சிலும் குமிழி எண்ணிக்கை நிலைக்குத்தச்சிலும் வர வேண்டும். இரு அச்சுகளுக்கும் பெயரும் அலகும் இடுங்கள். புள்ளிகளைச் சிறு புள்ளடியாகக் குறித்து, அவற்றினூடாகவோ அருகாகவோ செல்லும் ஒப்பமான வளையியை வரையுங்கள். அடிமட்டத்தால் புள்ளிக்குப் புள்ளி கோடிழுத்து முடிக்க வேண்டாம்.

உயர்தர மாணவர்கள் இப்பரிசோதனையின் குறைபாடுகளையும் எழுதப் பழக வேண்டும். குமிழிகள் யாவும் ஒரே பருமன் உடையன அல்ல. எனவே எண்ணிக்கை வாயுவின் கனவளவைத் திருத்தமாகக் காட்டாது. மின்குமிழைக் கிட்டக் கொண்டுவரும்போது ஒளியோடு வெப்பமும் கூடும்; எனவே இரு மாறிகள் ஒருங்கே மாறுகின்றன. மின்குமிழுக்கும் தாவரத்திற்கும் இடையே நீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வைத்தால் அது வெப்பத்தின் ஒரு பகுதியை உறிஞ்சும். "கவனமாகச் செய்யாமை" என்று எழுதுவது குறைபாடு ஆகாது. அது செய்தவரின் குறை, பரிசோதனையின் குறையன்று.

5. எதிர்பார்த்தது வராவிட்டால்?

இதுவே மாணவரை மிகவும் சோதிக்கும் இடம். பெறுபேறு என்னவென்று பாடநூலில் முன்னரே அச்சாகியிருக்கிறது. இலையில் அயடீனை இடுகிறீர்கள். மூடியிருந்த பகுதியும் நீலமாகிறது. பக்கத்து மேசையில் சரியாக வந்திருக்கிறது. குறிப்பேட்டில் என்ன எழுதுவீர்கள்?

கண்டதையே எழுதுங்கள். "மூடியிருந்த பகுதியிலும் நீல நிறம் தோன்றியது." பின்னர் காரணத்தைத் தேடுங்கள். இருளில் வைத்த காலம் போதாமல் மாப்பொருள் எஞ்சியிருக்கலாம். கடதாசி விலகி ஒளி உட்புகுந்திருக்கலாம். இவற்றை எழுதி, "அடுத்த தடவை பரிசோதனை தொடங்குமுன் அதே தாவரத்தின் ஓர் இலையை எடுத்து மாப்பொருள் அகன்றுள்ளதா எனச் சோதிக்க வேண்டும்" என்று முடியுங்கள். பாடநூலைப் பார்த்து எழுதிய மாணவரைவிட நீங்கள் இப்பரிசோதனையை ஆழமாக விளங்கியிருப்பீர்கள். இருளில் வைக்கும் படி ஏன் இருக்கிறது என்பதை அவர் மனனம் செய்தார், நீங்கள் கண்டீர்கள்.

எண்களுக்கும் இது பொருந்தும். பாரம்பரியம் பற்றிய பாடத்தில் 3:1 என்ற விகிதத்தைப் படித்திருப்பீர்கள். மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வில் உருண்டை வித்துகள் 5474, சுருங்கிய வித்துகள் 1850 என்றே எழுதினார். மொத்தம் 7324. இதன் விகிதம் 2.96:1. அவர் 3:1 என்று மட்டும் எழுதி எண்ணிக்கையை மறைக்கவில்லை. எண்ணியதை முதலில் எழுதி, அது 3:1 என்பதற்கு அண்மையது என்று பின்னர் காட்டினார். 40 வித்துகளை எண்ணும் நீங்கள் 30, 10 என்று துல்லியமாகப் பெறாவிட்டால் கலங்க வேண்டாம். 28, 12 என்று பெற்றால் 28, 12 என்றே எழுதுங்கள்.

சில பாடசாலைகளில் ஆய்வுகூட வசதி குறைவு. செய்முறையைச் செய்யாமல் குறிப்பை மட்டும் எழுதிவரும் மாணவர்களும் இருக்கின்றனர். அது அவர்களின் குற்றமன்று. ஆயினும் செய்யாத பரிசோதனையைச் செய்ததாக எழுதிப் பழகுவதைவிட, செய்யக்கூடிய சிறியதொன்றைச் செய்து எழுதுவது மேலானது. ஈரப் பஞ்சில் 10 பயறு வித்துகளையும் உலர் பஞ்சில் 10 வித்துகளையும் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் முளைத்தவற்றை எண்ணி அட்டவணைப்படுத்துங்கள். நோக்கம், மாறி, கட்டுப்பாடு, அட்டவணை, முடிவு அனைத்தும் அதில் உண்டு. செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை.

6. மாதிரி அறிக்கை

நோக்கம்: ஒளித்தொகுப்பிற்கு ஒளி அவசியமா எனச் சோதித்தல்.

தேவையான பொருட்கள்: சாடியில் வளர்ந்த செவ்வரத்தைத் தாவரம், கறுப்புக் கடதாசி, கடதாசிக் கிளிப்புகள், முகவை, கொதிகுழாய், மதுசாரம், அயடீன் கரைசல், வெண்ணிறப் பீங்கான் ஓடு, சாவணம், சொட்டுக்குழாய், பன்சன் சுடரடுப்பு, முக்காலி, கம்பிவலை, நீர்.

செய்முறை: தாவரம் 48 மணித்தியாலம் இருளில் வைக்கப்பட்டது. அதன் ஓர் இலை அயடீனால் சோதிக்கப்பட்டு மாப்பொருள் அகன்றுள்ளமை உறுதிசெய்யப்பட்டது. பின்னர் வேறோர் இலையின் நடுப்பகுதி இருபுறமும் கறுப்புக் கடதாசியால் மூடப்பட்டுக் கிளிப்புகளால் பொருத்தப்பட்டது. தாவரம் 5 மணித்தியாலம் சூரிய ஒளியில் வைக்கப்பட்டது. அவ்விலை பறிக்கப்பட்டு, மூடிய பகுதியின் எல்லை வரைந்து கொள்ளப்பட்ட பின் கடதாசி அகற்றப்பட்டது. இலை கொதிநீரில் 2 நிமிடங்கள் இடப்பட்டது. சுடர் அணைக்கப்பட்ட பின், மதுசாரமுள்ள கொதிகுழாயில் இலை இடப்பட்டு, கொதிகுழாய் வெந்நீருள்ள முகவையில் இலை வெளிறும் வரை வைக்கப்பட்டது. இலை வெந்நீரில் கழுவப்பட்டு, பீங்கான் ஓட்டில் விரிக்கப்பட்டு, அயடீன் கரைசல் துளிதுளியாக இடப்பட்டது.

அவதானம்: மூடியிருந்த பகுதியில் அயடீனின் மஞ்சட்கபில நிறமே காணப்பட்டது. மூடாத பகுதி கருநீல நிறமாக மாறியது.

முடிவு: ஒளி பெற்ற பகுதியில் மட்டுமே மாப்பொருள் உண்டாகியுள்ளது. எனவே ஒளித்தொகுப்பிற்கு ஒளி அவசியம்.

குறிப்பு: கடதாசி வளியையும் தடுத்திருக்கக்கூடும். எனவே ஒளிபுகும் பொலித்தீனால் மூடிய இன்னோர் இலையையும் கட்டுப்பாடாக வைத்தல் பொருத்தமானது.

"வெளிறும் வரை" என்ற இடத்தில் எண் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இங்கு நேரத்தைவிடத் தோற்றமே சரியான அடையாளம். இலையின் தடிப்புக்கேற்ப நேரம் வேறுபடும். எண் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் அறிந்து எழுதுங்கள்.

படம் வரைவதாயின் பென்சிலால் வரையுங்கள். நிழற்றவேண்டாம். பெயரிடும் கோடுகளை அடிமட்டத்தால் இடுங்கள். அவை ஒன்றையொன்று வெட்டக் கூடாது. படத்திற்குத் தலைப்பு இட மறக்க வேண்டாம்.

7. பயிற்சி

அ. பின்வருவனவற்றுள் அவதானம் எது, முடிவு எது எனக் குறிப்பிடுக.

1. முளைக்கும் வித்துகள் இருந்த வெப்பக்குடுவையின் வெப்பமானி வாசிப்பு 3 நாட்களில் 28 பாகை செல்சியசிலிருந்து 33 பாகை செல்சியசாக உயர்ந்தது.
2. முளைக்கும் வித்துகள் சுவாசிக்கும்போது வெப்பம் வெளிவிடப்படுகிறது.
3. வெளிச்சுவாச வளியைச் செலுத்தியபோது சுண்ணாம்பு நீர் பால்நிறமாகியது.
4. இலையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டிய நீலநிறக் கோபாற்றுக் குளோரைட்டுத் தாள், மேற்பக்கத்தில் ஒட்டியதைவிட விரைவாக இளஞ்சிவப்பாகியது.

ஆ. 1ஆம் கூற்றிலுள்ள பரிசோதனைக்குப் பொருத்தமான கட்டுப்பாடு யாது?

இ. 4ஆம் கூற்றிலிருந்து "இலையின் கீழ்ப்பக்கத்தில் இலைவாய்கள் அதிகம்" என்று முடிவு செய்யலாமா?

விடைகள்

அ. 1 அவதானம், 2 முடிவு, 3 அவதானம், 4 அவதானம்.

ஆ. அதே அளவான வித்துகளை அவித்துக் கொன்று, ஆறவிட்டு, தொற்றுநீக்கியில் கழுவி, அதேபோன்ற வெப்பக்குடுவையில் வைத்தல். தொற்றுநீக்கி ஏன்? இறந்த வித்துகளில் நுண்ணங்கிகள் வளர்ந்தால் அவற்றின் சுவாசத்தாலும் வெப்பம் உண்டாகும். அப்போது கட்டுப்பாடு பயனற்றுப்போகும்.

இ. நேரடியாக முடிவு செய்ய முடியாது. கீழ்ப்பக்கத்திலிருந்து நீராவி விரைவாக வெளியேறுகிறது என்பதே இவ்வவதானத்திலிருந்து பெறக்கூடிய முடிவு. இலைவாய்கள் அதிகம் என்பது அதற்குரிய ஒரு விளக்கம். அதை உறுதிசெய்ய இருபக்க மேற்றோல்களையும் உரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்து இலைவாய்களை எண்ண வேண்டும்.

மூன்றாவது வினாவுக்குச் சரியாக விடை எழுதியிருந்தால் இக்கட்டுரையின் பொருள் உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

8. பரீட்சை மண்டபத்தில் நினைவிற் கொள்ள வேண்டியவை

- வினாவிலுள்ள ஏவற் சொல்லைக் கோடிடுங்கள். "அவதானம் தருக", "முடிவு தருக", "காரணம் தருக" என்பன மூன்று வேறு வினாக்கள்.
- அவதானத்தில் நிறம், எண், அலகு வந்துள்ளனவா எனப் பாருங்கள்.
- கட்டுப்பாட்டின் அவதானத்தையும் எழுதினீர்களா எனப் பாருங்கள்.
- முடிவு நோக்கத்திற்கு விடையாக அமைகிறதா எனப் பாருங்கள்.
- தரப்பட்ட தரவுகள் பாடநூலிலிருந்து வேறுபட்டால் தரப்பட்டவற்றையே கொண்டு விடை எழுதுங்கள்.

மாணவர்களே, உங்களுள் எல்லோரும் விஞ்ஞானிகளாகப் போவதில்லை. ஆனால் தாதியாக நோயாளியின் வெப்பநிலையை எழுதும்போதும், கிராம சேவையாளராக வெள்ளச் சேதத்தை எழுதும்போதும், கண்டதை மட்டும் கண்டவாறு எழுதும் கை உங்களுக்குத் தேவைப்படும். உங்கள் எழுத்தை நம்பியே இன்னொருவர் மருந்து கொடுப்பார். இன்னொருவர் நிவாரணம் வழங்குவார். அந்தக் கை செயன்முறைக் குறிப்பேட்டிலேயே பழகுகிறது. இன்றே ஒரு பழைய அறிக்கையை எடுத்து, அவதானத்தின் கீழ் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வசனத்திற்கும் "இதை நான் கண்டேனா?" என்று கேட்டுத் திருத்துங்கள்.

பரீட்சையில் சித்திபெற வாழ்த்துகள்.